டெல்டாவுல மெர்ச்சண்டைசர் வேலை வாங்கித் தர்ற திருச்சி ஏஜென்சி – 5க்கு 3 (போன ரெண்டும் பெட்ரோல்ல போச்சு)

மொதல்லயே சொல்லிடுறேன், ஏஜென்சி பேர இங்க போடல, ஏன்னா நான் இன்னும் அவங்க பேரோல்லதான் இருக்கேன், மாசா மாசம் சம்பளம் வரணும்ல. திருச்சில ஆபீஸ் வச்சுக்கிட்டு தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம்னு டெல்டா பூரா பிஸ்கட் கம்பெனி சோப்பு கம்பெனி கூல்டிரிங்ஸ் கம்பெனிக்கெல்லாம் மெர்ச்சண்டைசர் போட்டுக் குடுக்குறவங்க. வேலை வாங்கித் தர்றதுல குறை சொல்ல முடியாது, நம்மகிட்ட காசு கேக்கல, சம்பளம் தேதிக்கு வருது, பிஎஃப் ஏறுது. மூணு ஸ்டார் அதுக்கு. மிச்சம் ரெண்டு ஏன் போச்சுன்னு கீழ விளக்கமா சொல்றேன், இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

இந்த வேலை பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மெர்ச்சண்டைசர்னா சேல்ஸ்மேன் இல்ல. ஆர்டர் எடுக்குறது, பில்லு காசு வசூல் பண்றது எல்லாம் டிஸ்ட்ரிபியூட்டர் ஆளு பாத்துப்பாரு. நாம கடைக்குப் போயி நம்ம கம்பெனி சரக்கு ரேக்ல இருக்கா, கண்ணு மட்டத்துல தெரியுதா, தேதி முன்னாடி முடியிற சரக்கு முன்வரிசைல இருக்கா, விலை ஸ்ட்ரிப் சரியா இருக்கா, டேங்லர் (தொங்குற விளம்பர அட்டை), போஸ்டர் கிழியாம இருக்கான்னு பாத்து தொடச்சு அடுக்கி, அடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அடுக்குன பிறகு ஒரு போட்டோ எடுத்து ஆப்ல ஏத்திட்டு அடுத்த கடைக்கு கெளம்பணும். எந்த சரக்கு எந்த தட்டுல எத்தனை வரிசைன்னு கம்பெனி ஒரு படம் குடுக்கும், பிளானோகிராம்னு பேரு. அது எங்கயோ பெரிய கடைய மனசுல வச்சு போட்ட படம், அத கொண்டாந்து ஐயம்பேட்டைல நாலு தட்டு இரும்பு ரேக்ல பொருத்துறதுதான் நம்ம சாமர்த்தியம். பெரிய கடைல ஒரே எடத்துல நாள் பூரா நிக்கிற மெர்ச்சண்டைசரும் உண்டு, ஆனா நம்ம பக்கம் அவ்ளோ பெரிய கடை கொஞ்சம்தான், அதனால இங்க பெரும்பாலும் ஊர் ஊரா சுத்துற வேலைதான். இன்னிக்கு பாபநாசம் ஐயம்பேட்டை, நாளைக்கு கும்பகோணம், அடுத்த நாள் வலங்கைமான் நீடாமங்கலம்னு மாசத்துக்கும் பீட் பிளான் (பீட்னா நாம சுத்துற கடைங்களோட ரூட்டு) முன்னாடியே போட்டு ஆப்ல வந்துடும்.

வேலை தேடும்போது எங்கெங்க பாக்கலாம்னு கேட்டா, வேலைவாய்ப்பு அலுவலகத்துல மாசா மாசம் வெள்ளிக்கிழமை தனியார் வேலைவாய்ப்பு முகாம் போடுவாங்க, அங்க மேன்பவர் ஏஜென்சி ஆளுங்க வந்து உக்காந்திருப்பாங்க, தமிழ்நாடு அரசோட தனியார் துறை வேலை இணையதளம் ஒண்ணும் இருக்கு, பதிவுக்கு பைசா கெடயாது. போன்ல வேலை தேடற ஆப்ல தேடுனா "மெர்ச்சண்டைசர்"னு போட்டா பாதி ரிசல்ட் திருப்பூர் கார்மெண்ட்ஸ் மெர்ச்சண்டைசர்தான் வரும், அது துணி எக்ஸ்போர்ட் ஆர்டர் பாக்குற வேலை, நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால "ரீடெயில் மெர்ச்சண்டைசர்", "எஃப்எம்சிஜி மெர்ச்சண்டைசர்" (பிஸ்கட் சோப்பு மாதிரி அன்றாட சாமான்), "விசிபிலிட்டி"ன்னு போட்டுத் தேடுங்க. யாராவது ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெயினிங் ஃபீஸ், டீ-ஷர்ட்டுக்கு டெபாசிட்னு ஜிபே நம்பர் அனுப்புனா அங்கயே பிளாக் பண்ணிடுங்க. ஆள் புடிச்சுக் குடுக்குறதுக்கு ஏஜென்சிக்கு கம்பெனி காசு குடுக்குது, நம்மகிட்ட வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா இதெல்லாத்தையும் விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் குடோன். கும்பகோணத்துலயோ மாயவரத்துலயோ காலைல ஒம்போது மணிக்கு குடோன் வாசல்ல சேல்ஸ்மேனுங்க, லோடு ஆட்டோ அண்ணனுங்க, கம்பெனி ஆபீசர் எல்லாரும் இருப்பாங்க. "அண்ணே, மெர்ச்சண்டைசர் யாராச்சும் நின்னுட்டாங்களா"ன்னு கேட்டா போதும், எந்த பீட் காலியா இருக்கு, யாரு நின்னா, ஏன் நின்னா எல்லாம் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துடும். ஏன் நின்னாங்கன்ற விவரம் எந்த ஆப்லயும் கெடைக்காது. எனக்கும் அப்படித்தான் ஒரு சேல்ஸ்மேன் அண்ணன் ஏஜென்சி நம்பரக் குடுத்தாரு, "தங்கச்சி, சேருறதுக்கு முன்னாடி பீட்ட எழுத்துல வாங்கிக்க"ன்னு அப்பவே சொன்னாரு.

இன்டர்வியூ சுலபம். ஆதார், பான், பேங்க் பாஸ்புக், டிரைவிங் லைசென்ஸ், வண்டி ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கேட்டாங்க. எக்ஸ்பீரியன்ஸ்னு ஜவுளிக்கடைல பில்லிங் போட்டது மட்டும்தான் எனக்கு இருந்துச்சு, அத ஒரு பொருட்டா எடுத்துக்கல. அப்புறம் கம்பெனி ஆபீசர் தஞ்சாவூர்ல ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போயி பிஸ்கட் ரேக்க காட்டி அடுக்கச் சொன்னாரு. நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு, பேசவே இல்ல. பாக்கெட்ட திருப்பி தேதி பாக்குறோமா, கடைக்காரர் கிட்ட கேட்டுட்டு தொடுறோமா, பக்கத்து கம்பெனி சரக்க தள்ளி வைக்கிறோமான்னுதான் பாப்பாங்களாம். பக்கத்து சரக்க தள்ளக்கூடாது, ஞாபகம் வச்சுக்குங்க, அந்த கம்பெனி ஆளு நமக்கப்புறம் வந்து ரெண்டு மடங்கா தள்ளிட்டுப் போவாரு, நடுவுல கடைக்காரருக்கு கோவம் வரும்.

இப்ப சம்பளம். இங்க நெறய பேரு ஏமாறுறாங்க, ஏஜென்சி பொய் சொல்லல, ஆனா முழுசா வாயத் தொறந்தும் சொல்லல. "பதினெட்டாயிரம்"னு போன்ல சொல்வாங்க. அது சிடிசி, அதாவது கம்பெனி நமக்காக செலவு பண்ற மொத்தம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். மொத்த சம்பளம் 16,000, அதுல பேசிக் 12,000ன்னு வச்சுக்குங்க. பிஎஃப்ல கம்பெனி பங்கு இன்சூரன்ஸ், நிர்வாகச் செலவு எல்லாம் சேத்து பேசிக்ல 13 சதவீதம், அதாவது 1,560. இஎஸ்ஐ-ல (அரசோட மருத்துவ காப்பீடு) கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 520. கூட்டுனா 18,080, ஆச்சா பதினெட்டாயிரம். இப்ப நம்ம பங்கு பிடிப்பாங்க, பிஎஃப் 12 சதவீதம் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 120. கைக்கு வர்றது 14,440. அதனால "கைக்கு எவ்ளோ"ன்னு மட்டும் கேளுங்க. அதுக்காக பிஎஃப் வேணாம், கையிலயே குடுங்கன்னு சொல்லாதீங்க, அப்படி குடுக்குற சின்ன ஏஜென்சிங்களும் நம்ம பக்கம் சுத்துது. இஎஸ்ஐ 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு உண்டு, வேலைக்கு போற வர்ற வழில ரோட்டுல அடிபட்டாலும் அதுல கவராகும், நம்ம வேலையே ரோட்டுலதான், அதனால அந்த 120 ரூவா எனக்கு கணக்கே இல்ல. இந்த விஷயத்துல ஏஜென்சிக்கு முழு மார்க். யுஏஎன் நம்பர் (நம்ம பிஎஃப் நம்பர்) சேந்த மாசமே வந்துச்சு, அரசோட உமங் ஆப்ல பாஸ்புக் தொறந்து பாத்தா மாசா மாசம் ஏறியிருக்கு.

சரி, பெட்ரோலுக்கு வருவோம்.

வண்டி நம்மளது, போன் நம்மளது, டேட்டா நம்மளது. கம்பெனி டிஏ குடுக்கும், அதாவது வண்டில சுத்துற செலவுக்கு படி. சில எடத்துல மாசத்துக்கு இவ்ளோன்னு மொத்தமா குடுப்பாங்க, சில எடத்துல கிலோமீட்டருக்கு இவ்ளோ. இந்த ஏஜென்சில மொத நான் சேந்தப்ப மொத்தமா 2,500. கேக்குறதுக்கு பெரிய காசு மாதிரி இருக்கும். கணக்கு போடுங்க: ஸ்கூட்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் குடுக்குதுன்னு வைங்க, பெட்ரோல் அப்ப 101 ரூவா, கிலோமீட்டருக்கு ரெண்டேகால் ரூவா பெட்ரோலுக்கே போயிடுது. அப்ப 2,500க்கு மாசத்துக்கு 1,100 கிலோமீட்டர் ஓட்டலாம், 25 நாள் வேலைன்னா ஒரு நாளைக்கு 44. தஞ்சாவூர்லேருந்து கும்பகோணம் ஒரு வழியே 40. திரும்பி வர வேணாமா? டயரு, ஆயில் சர்வீஸு, பிரேக் ஷூ, வருஷத்துக்கு இன்சூரன்ஸு இதெல்லாம் அந்த கணக்குல வரவே இல்ல. அதாவது நாம வேலை செஞ்சதுக்கு வந்த சம்பளத்துல கொஞ்சத்த எடுத்து கம்பெனிக்காக பெட்ரோல் பங்க்ல கட்டிட்டு வர்றோம். மாசக்கடைசில கைல நிக்கிறது எவ்ளோன்னு பாத்தா, கும்பகோணம் ஜவுளிக்கடைல ஏசில உக்காந்து பில் போட்டப்ப நின்ன காசுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாம போயிடும்.

சண்ட போட்டப்புறம் கிலோமீட்டர் கணக்குக்கு மாத்துனாங்க, கிலோமீட்டருக்கு 2 ரூவா 75 காசு. அப்பாடான்னு இருந்தேன். அதுலயும் ஒண்ணு வச்சிருந்தாங்க. கிலோமீட்டர ஆப்தான் கணக்கு பண்ணும், எப்படின்னா ஒரு கடைல செக்-இன் பண்ண (வந்துட்டோம்னு ஆப்ல பதிஞ்ச) எடத்துலேருந்து அடுத்த கடை செக்-இன் எடத்துக்கு ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேர் தூரம். வேற ஊர்ல இது எவ்ளோ வித்தியாசம் காட்டுமோ தெரியாது, நம்ம ஊர்ல இது அக்கிரமம். டெல்டாவுல நேரா எங்கங்க போக முடியும்? குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு, திருமலைராஜன், ரெண்டு ஊருக்கு நடுவுல ரெண்டு ஆறு, ஆத்துக்கு நடுவுல நாலு வாய்க்கா. எதிர்க்கரைல கடை போர்டு கண்ணுக்குத் தெரியும், பாலத்துக்கு சுத்திக்கிட்டுதான் போகணும். ஒரு தடவ கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஜெயங்கொண்டம் ரோட்டுல ஒரு கடைய பீட்ல சேத்தாங்க, மேப்ல பாத்தா பக்கத்துல இருக்க மாதிரிதான் இருக்கும், வண்டில போகணும்னா நீலத்தநல்லூர் பாலமோ அணைக்கரையோ ஏதாச்சும் ஒண்ணு புடிச்சுதான் போகணும். ஆப் கொள்ளிடத்து மணல்ல நேரா வண்டி ஓட்டிட்டுப் போயி டிஏ போட்டுக் குடுத்துச்சு.

இதுக்கு என்ன பண்ணேன்னா, ஒரு வாரம் ஒவ்வொரு கடைக்கும் கூகுள் மேப் ரூட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வண்டி மீட்டரையும் காலைல சாயங்காலம் போட்டோ எடுத்து, ஆப் காட்டுற கிலோமீட்டரையும் பக்கத்துல போட்டு மெயில் அனுப்புனேன். வாட்ஸப்ல அனுப்புனா "பாக்குறேன் மேடம்"னு வரும், அதோட முடிஞ்சுது. மெயில் அனுப்புனா கம்பெனி ஆபீசரையும் சிசி-ல போட முடியும், அப்பதான் அசையுறாங்க. இங்க ஏஜென்சி கோ-ஆர்டினேட்டர பாராட்டணும், அந்த பொண்ணு எனக்காக கம்பெனி கிட்ட பேசி ரோட்டு தூரத்த மாத்தி வாங்கிக் குடுத்துச்சு, அடுத்த மாச ஸ்லிப்லயே வந்துடுச்சு. ஆனா எனக்கு மட்டும்தான் மாத்துனாங்க. திருவாரூர் பீட் ஆளுங்களுக்கு இன்னும் பழைய நேர்கோட்டு கணக்குதான், கேக்குறவங்களுக்கு மட்டும் குடுக்குறது என்ன நியாயம்னு எனக்கு புரியல, ரெண்டு ஸ்டார் கொறச்சது இதுக்குத்தான்.

எங்க சொந்தக்கார தம்பி ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான், அவன்கிட்ட இத சொன்னப்ப அங்க இதே வேலைக்கு டிராவலிங் மெர்ச்சண்டைசர்னு தனி கூட்டமே இருக்குன்னான், டீமா மாநிலம் விட்டு மாநிலம் போயி ராத்திரில கடை மொத்தத்தையும் கழட்டி மாத்தி அடுக்குவாங்களாம், ரீசெட்னு பேரு. அங்க வருமானவரித் துறையே சொந்த கார வேலைக்கு ஓட்டுனா மைலுக்கு இவ்ளோன்னு வருஷா வருஷம் ஒரு ரேட் அறிவிக்குது, 2025க்கு 70 சென்ட், அந்த ரேட்டுல பெட்ரோல் மட்டும் இல்ல, ரிப்பேரு, இன்சூரன்ஸு, வண்டி தேய்மானம் எல்லாம் அடக்கம். எல்லா கம்பெனியும் அத அப்படியே குடுத்துடும்னு இல்லையாம், ஆனா கேக்குறதுக்கு ஒரு அளவாச்சும் இருக்கு. இங்க அளவுன்னா ஆபீசர் மனசுதான்.

காரைக்கால் பீட் கெடச்சா மட்டும் சந்தோஷமா வாங்கிக்குங்க. அது புதுச்சேரி கணக்கு, பெட்ரோல் நம்ம பக்கத்த விட கொறச்சல், நாகப்பட்டினம் பீட் பசங்க எல்லாரும் டேங்க் ரொப்பிட்டுதான் திரும்புவாங்க.

வேலைய பத்தி சொல்லணும்னா, எனக்கு புடிச்சிருக்கு, அதான் இன்னும் இருக்கேன். கடைக்காரங்கதான் இந்த வேலைல பாதி. புதுசா போனப்ப "ஆர்டர் எடுக்க வந்தியாம்மா"ன்னு கேப்பாங்க, இல்ல அண்ணே அடுக்க வந்தேன்னா, "அடுக்குறதுக்கு சம்பளமா"ன்னு ஒரு சிரிப்பு. நாலு தடவ போனப்புறம், தூசி படிஞ்ச ரேக் பளிச்சுன்னு இருக்குறத பாத்தப்புறம், அவங்களே சாவிய குடுத்து "உள்ள குடோன்லேருந்தும் எடுத்து வச்சுடும்மா"ன்றாங்க. ஐயம்பேட்டைல ஒரு பாய் கடை, நான் போனா மொதல்ல தண்ணி பாட்டில்தான் வரும், அப்புறம்தான் பேச்சு. கும்பகோணத்துல பெரிய கடைத்தெரு பக்கம் இருக்குற பழைய மளிகைக் கடைல ரேக்கே கெடயாது, எல்லாம் ஷாம்பு சரம் சரமா மேலேருந்து தொங்கும், பாத்தா பிளானோகிராம் போட்டவருக்கு மயக்கம் வரும், ஆனா வியாபாரம் சூப்பர்மார்க்கெட்ட விட அங்கதான் ஓடும். அந்த கடைல நான் பண்றதெல்லாம் நம்ம சரத்த வாசலுக்கு நேரா மாட்டுறது மட்டும்தான், அதுக்கே அந்த பெரியவர்கிட்ட அனுமதி வாங்கணும்.

கூல்டிரிங்ஸ் கம்பெனிக்கு போட்டாங்கன்னா கதையே வேற. கம்பெனி குடுத்த கூலர்ல அந்த கம்பெனி பாட்டில் மட்டும்தான் இருக்கணும், பியூரிட்டின்னு ஆப்ல ஒரு மார்க் உண்டு. நம்ம ஊர் கடைல கூலரத் தொறந்தா என்ன இருக்கும்? பால் பாக்கெட்டு, தோசை மாவு, வாழை இலைல சுத்துன மல்லிப்பூ, ஓனர் வீட்டு மருந்து. வெளிய எடுத்து வைங்கண்ணேன்னா "மாவு புளிச்சா நீ வாங்கிக்குவியா"ன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். போட்டோ எடுக்குற ரெண்டு நிமிஷத்துக்கு மாவு வெளிய வரும், எடுத்தவுடனே உள்ள போயிடும். இது ஆபீசருக்கும் தெரியும், அவருக்கு மேல இருக்குறவருக்கும் தெரியும்.

எக்ஸ்பைரி சரக்குதான் பெரிய தலவலி. தேதி முடிஞ்ச பாக்கெட்ட கண்டுபுடிச்சு எடுத்து வைக்கிறது நம்ம வேலை, அத திருப்பி எடுத்துக்கிறது டிஸ்ட்ரிபியூட்டர் வேலை. அவங்க இந்த மாசம் அடுத்த மாசம்னு இழுப்பாங்க, கடைக்காரர் கண்ணு முன்னாடி நிக்கிறது நாமதான், அதனால திட்டு நமக்கு. அதே மாதிரி 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி கொறச்சாங்கல்ல, சோப்பு ஷாம்பு பேஸ்ட் தலை எண்ணெய் பிஸ்கட் எல்லாம் 18லேருந்து 5 சதவீதத்துக்கு வந்துச்சு, அந்த நேரம் பட்ட பாடு சொல்லி மாளாது. ரேக்ல பாதி பழைய விலை பாதி புது விலை, பழைய எம்ஆர்பி மறையாம பக்கத்துல புது விலை ஸ்டிக்கர் ஒட்டணும், ஒட்டுனது யாரு, நாமதான். அஞ்சு ரூவா பிஸ்கட் ஏன் இன்னும் அஞ்சு ரூவான்னு கடைல வந்த சனமெல்லாம் என்னக் கேட்டாங்க, கிராம ஏத்தியிருக்காங்கம்மான்னு பாக்கெட்ட திருப்பித் திருப்பி காட்டுனேன். அதுக்கு தனியா பைசா கெடயாது, ஏஜென்சிலேருந்து "வெல் டன் டீம்"னு ஒரு ஸ்டிக்கர் வாட்ஸப்ல வந்துச்சு.

பருவம் தெரிஞ்சு பீட் கேளுங்க, இது முக்கியம். தை மாசி அறுப்பு முடிஞ்சு கைல காசு பொரளுறப்ப கிராமத்து கடைல பெரிய பாக்கெட் போகும், மத்த மாசமெல்லாம் சின்ன பாக்கெட்தான், அதுக்கேத்த மாதிரி அடுக்கலேன்னா கடைக்காரரே மாத்தி வச்சிடுவாரு. அறுப்பு நேரம் ரோட்டோர கடை ரேக் பூரா நெல்லுத் தூசி, துணி ரெண்டா எடுத்துட்டுப் போகணும். வேளாங்கண்ணி திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேத்துலேருந்து செப்டம்பர் 8 வரைக்கும், அந்த பக்கத்து பீட்டுக்கு தற்காலிகமா ஆள் எடுப்பாங்க, தண்ணி பாட்டிலும் பிஸ்கட்டும் வைக்க வைக்க காலியாகும், நாள் சம்பளம் கொஞ்சம் கூட குடுப்பாங்க, வேலைக்கு புதுசுன்னா இத மொதல்ல செஞ்சு பாக்கலாம், புடிக்கலேன்னா திருவிழாவோட முடிஞ்சுது.

ஐப்பசி கார்த்திகை மட்டும் பயம். மழை, புயல் சின்னம், ரெட் அலர்ட்னு கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவாரு, நம்ம ஆப் லீவு விடாது. செக்-இன் பண்ணலேன்னா ஆப்சென்ட். வேதாரண்யம் பக்கம் 2018 கஜாவ பாத்த கடைக்காரங்க அந்த மாசத்துல கீழ்த்தட்டுல சரக்கே வைக்க விடமாட்டாங்க, ஆனா பிளானோகிராம்ல கனமான பெரிய பாக்கெட்டுங்க கீழ்த்தட்டுலதான் இருக்கணும், போட்டோ தப்புன்னு மார்க் கொறையும். இத பத்தி எழுதி அனுப்புனா "கடைய கன்வின்ஸ் பண்ணுங்க"ன்னு பதில் வருது. தண்ணிய யாரு கன்வின்ஸ் பண்றது? ரெட் அலர்ட் அன்னிக்கு வேலை உண்டா இல்லையான்னு ஏஜென்சி ஒரு தெளிவான ரூல் போடணும், இன்னிக்கு வரைக்கும் போடல, ஒவ்வொரு தடவையும் கோ-ஆர்டினேட்டர் தயவுலதான் ஓடுது.

புது கடை தொறக்குற வேலை வந்தா போங்க, அது நல்லா இருக்கும். பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம் புதுசா சூப்பர்மார்க்கெட் வந்தா எல்லா பீட்லேருந்தும் ஆள எடுத்து ரெண்டு மூணு நாள்ல கடை பூரா அடுக்க வைப்பாங்க. பசங்களுக்கு லாட்ஜ் போட்டு சாப்பாட்டு பேட்டாவும் குடுத்தாங்க, லாட்ஜ் சுமார்தான்னு சொன்னாங்க, பேட்டா உடனே கைக்கு வந்துடுச்சாம். எங்களுக்கு நைட் தங்குறது கெடயாது, ஆறு மணிக்கு விட்டுடணும்னு ஆபர் லெட்டர்லயே இருக்கு, அது நல்ல விஷயம், ஆனா கடை தொறக்குறதுக்கு மொத நாள் யாரு ஆறு மணிக்கு விடுறாங்க, மன்னார்குடிலேருந்து ஏழரைக்கு கெளம்பி இருட்டுல நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னுக்கிட்டு இருந்தா வீட்டுலேருந்து போன் மேல போன்.

பொம்பளைங்க இந்த வேலைக்கு வரலாமான்னு நெறய பேரு கேக்குறாங்க. தாராளமா வரலாம், கடைக்காரங்க மரியாதையாத்தான் நடத்துறாங்க. கஷ்டம் ஒண்ணுதான், பாத்ரூம். சின்ன ஊர் கடைல கெடயாது, கேக்கவும் முடியாது. நான் என் பீட்ட எப்படி போடுவேன்னா பெட்ரோல் பங்க், பெரிய ஜவுளிக்கடை, பஸ் ஸ்டாண்டு எங்கெங்க இருக்குன்னு பாத்து அதுக்கு நடுவுல கடைய வரிசைப்படுத்துவேன், அத ஆபீசர்கிட்ட சொல்லியே வரிசை மாத்தி வாங்குனேன், அவரு ஒத்துக்கிட்டாரு. இன்னொண்ணு, வண்டி இல்லாத பொண்ணுங்க டவுன் பஸ்ல போலாமேன்னு நெனைக்கலாம், எங்களுக்கு டிக்கெட் இலவசம்தானே. கூட வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு அப்படித்தான் கொஞ்ச நாள் போச்சு, கண்டக்டர் குடுத்த டிக்கெட்ல கட்டணம் ஜீரோன்னு இருக்கு, அத பில்லா வச்சா டிஏ-வும் ஜீரோன்னுட்டாங்க. கணக்குப்படி சரிதான், ஆனா கடைக்கு கடை வெயில்ல நடந்தத யாரும் கணக்குல எடுக்கல. தஞ்சாவூர் டவுனுக்குள்ள மட்டும் கீழவாசல், காந்திஜி ரோடு, புது பஸ் ஸ்டாண்டுன்னு பீட் கெடச்சா பஸ்ஸே போதும், அது யாருக்கும் லேசுல கெடைக்காது.

வேலைய விட்டு நின்னவங்க அனுபவமும் கேட்டு வச்சிருக்கேன். கடைசி மாச சம்பளம் கொஞ்சம் லேட்டாதான் வருது, டீ-ஷர்ட், ஐடி கார்டு, மிச்ச போஸ்டர் எல்லாம் திருப்பிக் குடுத்தாதான் செட்டில்மெண்ட். பிஎஃப்ல நின்ன தேதி போட மறந்துடுறாங்க, அத விட்டுட்டு ஏஜென்சி வாசல்ல நிக்க வேணாம், கடைசியா காசு ஏறுன மாசத்துலேருந்து ரெண்டு மாசம் கழிச்சு நாமளே பிஎஃப் வெப்சைட்ல தேதி போட்டுக்கலாம்.

இப்ப தீபாவளி சீசனுக்கு ஆள் எடுத்துக்கிட்டு இருக்காங்க, டெல்டாவுல நாலஞ்சு பீட் காலியா இருக்குன்னு குடோன்ல பேச்சு. போறவங்க ஆபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கடை லிஸ்ட்ட கேட்டு வாங்கி மேப்ல போட்டுப் பாருங்க, டிஏ மொத்தமா கிலோமீட்டரா, கிலோமீட்டர்னா ரோட்டு தூரமா நேர் தூரமான்னு மெயில்லயே கேளுங்க, போன்ல சொன்னத நம்பாதீங்க. திருத்துறைப்பூண்டி – வேதாரண்யம் பீட்ட மழைக்காலத்துல தலைல கட்டப் பாப்பாங்க, தை வரைக்கும் வேணாம்னு சொல்லிடுங்க. மாயவரம் – சீர்காழி பரவால்ல, கடையெல்லாம் மெயின் ரோட்ட ஒட்டியே இருக்கு. பாபநாசம் – ஐயம்பேட்டை கேக்காதீங்க, அது என்னோடது, காலி இல்ல.